யார் வீட்டு நாய்

மேனேஜரின் இடது கண் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

மேனேஜர் என்பது நாய். பத்து வயது, பழுப்பு நிறம், எந்த இனம் என்று கேட்டால் எல்லா இனமும்தான் என்று சொல்ல வேண்டும். குட்டியாக வீட்டுக்கு வந்த முதல் வாரமே வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் மேலும் கீழும் பார்த்து, தான் மட்டும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல் பொழுதை ஓட்டியதால் அந்தப் பெயர் வந்தது. பெயர் வைத்தவள் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அதே நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு, விலங்கு மருத்துவமனையின் ஸ்கேன் அறை வாசலில், உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று முடிவு பண்ணாதவளாக நின்றாள்.

உள்ளே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவளைப் பெற்றவள்.

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் படம் டாக்டர் என்று பெயர். வெட்டுகிறவர் கத்தி டாக்டர் என்றால் பார்க்கிறவள் படம் டாக்டர். பூனை விழுங்கிய ஊசி, நாயின் வயிற்றில் வளரும் கட்டி என்று தோலுக்குள்ளே ஒளிந்திருப்பதை எல்லாம் ஸ்கேனில் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. சொந்த வீட்டுக்குள்ளே இருந்ததைப் பார்க்கத்தான் அவளுக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் புருஷனும் பிரிந்தார்கள். தெருவே கூடிப் பார்க்கிற சண்டையெல்லாம் கிடையாது. ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பேரைப்போல ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான். மருத்துவமனைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு ஃபிளாட் கிடைத்தது. நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் விதி. "அப்ப மேனேஜர்?" என்று மகள் கேட்டாள். "பாத்துக்கலாம்" என்றாள் இவள். மகள் நாயோடும் அப்பாவோடும் தங்கிவிட்டாள். இத்தனைக்கும் ஊர் ஒன்றுதான், இரண்டு பஸ் மாறினால் வீடு. சாப்டியா என்று இவள் போனில் கேட்பாள். சாப்டேன் என்று அவள் சொல்வாள். வீட்டுக்கு வா என்ற வார்த்தை ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வரும். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதை நம்பி நாளை ஓட்டுவது? அந்தப் பயத்தில் அதை விழுங்கிவிட்டு, உடம்பைப் பாத்துக்கோ என்று போனை வைப்பாள்.

குடும்ப அரசியல் எதுவும் தெரியாதது மேனேஜருக்கு மட்டும்தான். வாரை உருவிக்கொண்டு ஓடிவந்து அவள் மடியில் முன்னங்கால்களைத் தூக்கிப் போட்டு, வாலோடு சேர்த்து இடுப்பையும் ஆட்டியது. புடைத்த கண்ணோடு அது அப்படிக் குழைந்ததும் அவள் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். மகளைக் கட்டிக்கொள்ள வேண்டிய கைகள் நாயைக் கட்டிக்கொண்டன என்று சொன்னால் தப்பில்லை.

"இவனுக்குக் கண்ணு வீங்கியிருக்கு. பாக்கணும்," என்றாள் மகள். அம்மா என்றும் சொல்லாமல் டாக்டர் என்றும் சொல்லாமல், யாரையும் கூப்பிடாமலே பேசும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா லேசா இருந்துச்சு. மூணு நாளாத்தான் ரொம்ப."

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. தன் வீட்டுப் பிராணியைத் தானே பார்க்கக் கூடாது, வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். தன் பூனைக்குத் தானே வைத்தியம் பார்த்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே அதைச் சாகவிட்ட ஒரு பழைய டாக்டரின் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே இவள்தான். ஆனால் வரவேற்பறையில் நாயின் சொந்தக்காரர் என்று மகள் கொடுத்திருந்தது அப்பாவின் பெயரை. இவள் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். இது இப்போது என் வீட்டு நாயா? இல்லையே. அப்படியானால் பார்க்கலாமே. இப்படி ஒரு வக்கீல் வாதத்தை மனசுக்குள் முடித்துக்கொண்டு, விளக்கை அணைத்தாள்.

கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டாள். மேனேஜரின் தலையை மகள் பிடித்துக்கொண்டாள். எப்போதும் நல்ல கண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த நாய்க்கு எது சரியானது என்று தெரிந்தால்தானே எது கோணல் என்று தெரியும். வலது கண்ணில் ஜெல்லைத் தடவிக் கருவியை மெல்ல வைத்தாள். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் வந்தது. அது கண்ணுக்குள் இருக்கும் நீர். அதற்குப் பின்னால் கொழுப்பும் தசையும் வெள்ளையும் சாம்பலுமாக, கூம்பு வடிவத்தில், இருக்க வேண்டியபடி இருந்தன.

பிறகு இடது கண். வட்டத்தின் பின்பக்கத்தை ஏதோ ஒன்று அமுக்கித் தட்டையாக்கியிருந்தது. கோலிக்குண்டைவிடப் பெரிய கட்டி.

இப்போது கேள்வி ஒன்றுதான். உள்ளே இருப்பது சீழா, சதையா? சீழ் என்றால் கறுப்பாகத் தெரியும். கீறி விட்டு மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். சதை என்றால் சாம்பலாகத் தெரியும். அது புற்று. கண்ணை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கதிர் வைத்தியம். அந்த வசதி வேறு ஊரில்தான் இருக்கிறது, வாரக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். அந்த ஊரில் மகளுக்கு அத்தை வீடு இருக்கிறது. மகள் அங்கே போனால் போனதுதான்.

இருட்டில் நாயின் தலைக்கு மேல் இருவர் கைகளும் உரசிக்கொண்டன. மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் தலைமுடியில் அதே பழைய ஷாம்பு வாசனை. மூன்று வருஷமாக இந்த வாசனைக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தோம் என்பது இவளுக்கு அப்போதுதான் புரிந்தது. திரையில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கெயின் என்று ஒரு குமிழ் உண்டு, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும். அவள் கை தானாகப் போய் அதைக் கொஞ்சம் குறைத்தது. புள்ளிகள் அடங்கின. கட்டி கறுத்தது.

"சீழ்தான்," என்றாள்.

வாயைத் திறந்தால் வலிக்கிறதா என்று பார்த்தாள். மேனேஜர் தலையை இழுத்துக்கொண்டது. கட்டியில் சீழ் இருந்தால் அப்படித்தான் வலிக்கும் என்று மகளுக்கு விளக்கினாள். எந்த நாய்தான் வாயைப் பிடித்து விரித்தால் தலையை இழுத்துக்கொள்ளாது? சீழ் இருந்தால் வர வேண்டிய காய்ச்சல் இல்லை. வயதோ பத்து. கிழட்டு நாய்க்கு மெல்ல மெல்லக் கண் புடைத்தால் முதலில் புற்றைத்தான் நினைக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறவள், மகள் சொன்ன ஒரு மாசத்தைக் காற்றில் விட்டாள். மூன்று நாளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஒண்ணும் ஆகாதா?" மகள் முகத்தில் உயிர் வந்தது.

"ஆகாது. கீறி விடுற டாக்டர் வெளியூர் போயிருக்கார், வெள்ளிக்கிழமைதான் வருவார். அதுவரைக்கும் தினமும் ஒரு ஊசி போடணும்."

"தினமும் இங்க வரணுமா?"

"வரணும்."

மாத்திரையே போதும். இரண்டு வேளை பிஸ்கட்டில் வைத்துக் கொடுத்தால் நாய் தின்றுவிட்டுப் போகிறது. அதை அவள் சொல்லவில்லை.

அந்த நாட்களில் படம் டாக்டரின் கால் தரையில் படவில்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையை விட்டுவிட்டு, மகளுக்குப் பிடித்த நீலத்தில் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். மதியம் மூன்றாகிவிட்டால் வாசலில் நாலு தடவை எட்டிப் பார்ப்பாள். முதல் நாள் ஊசி போட்டதும் மகள் கிளம்பிவிட்டாள். அடுத்த நாள் ஒரு டீ குடித்தாள். அதற்கடுத்த நாள், மேனேஜரைக் காலடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, டிரைவிங் டெஸ்டில் தோற்ற கதையைச் சொன்னாள்.

"எல்லாம் சரியாத்தான் போச்சு. இந்த ஆளு பின் சீட்டுல இருந்து எழுந்து என் தோள் மேல தலையை வெச்சு ரோட்டைப் பாத்தான். அந்த ஆபீசர், யாரும்மா டெஸ்ட் எடுக்குறது, நீயா இதான்னு கேட்டுட்டு இறங்கிப் போயிட்டாரு."

"டெஸ்டுக்கு யாராவது நாயைக் கூட்டிட்டுப் போவாங்களா?"

"பயமா இருந்துச்சு. வேற யாரைக் கூட்டிட்டுப் போறது?"

இவள் சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். மகளும் வேறு பக்கம் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் படம் டாக்டர், நாய் வைத்துக்கொள்ள விடும் வாடகை வீடு எங்கேயாவது இருக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்தாள். இரண்டு அறை, சின்னதாக ஒரு முற்றம். வாசலில் மேனேஜர் குறுக்கே படுக்க இடம் இருக்குமா என்றுகூடப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆசைக்கு அணை போடுகிறவர் யாரும் அந்த வீட்டில் இல்லை.

வீக்கம் மட்டும் குறையவில்லை. ஊசிக்கு அது மசியவே இல்லை. சீழ் வடிந்தால்தானே குறையும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கத்தி டாக்டர் வந்து சேர்ந்தார். மதியம் கீறுவதாக ஏற்பாடு. மேனேஜரை வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கத்தி டாக்டருக்கு ஒரு பழக்கம், எதை வெட்டுவதாக இருந்தாலும் நல்ல பக்கத்தையும் கெட்ட பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டார். அவருக்காக இவள் இரண்டு கண்களின் படங்களையும் திரையில் ஒன்றாக வைத்தாள்.

வலது கண்ணின் கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. இடது கண்ணின் கொழுப்பு அழுக்குத் துணிபோல மங்கலாக இருந்தது. ஒரே நாய், ஒரே மெஷின். கொழுப்பு எதற்கு மங்க வேண்டும்? படத்தின் மூலையில் இருந்த கெயின் எண்ணைப் பார்த்தாள். இரண்டிலும் எண் வேறு வேறு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிச்சத்தைக் குறைத்தால் சாம்பலும் கறுப்பாகத்தான் தெரியும். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகள் பண்ணுகிற தப்பு. இடது கண்ணின் படத்தை வெளுக்க வைத்துப் பார்த்தாள். கண்ணுக்குள் இருந்த நீர் கறுப்பாகவே இருந்தது, அது நீர்தானே. பின்னால் இருந்த கட்டி மெல்ல மெல்லச் சாம்பலாகி, உள்ளே மணல் மணலாகத் தெரிந்தது. சீழே இல்லை. முழுக்கச் சதை.

வாய்க்குள்ளே, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் கீறித்தான் கண்ணுக்குப் பின்னால் தேங்கிய சீழை வடிப்பார்கள். அதை ஒட்டித்தான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. இல்லாத சீழைத் தேடிக் கத்தி உள்ளே போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆகாமலும் போகலாம். சீழ் வரவில்லை என்று கத்தி டாக்டர் கையை விரிப்பார், யாரும் யாரையும் குறை சொல்லப் போவதில்லை, இன்னும் ஒரு வாரம் ஊசி என்று சொல்லலாம். மகள் தினமும் வருவாள். இந்த நினைப்பு அவளுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்த வேகத்தில் உடம்பெல்லாம் கூசிப்போய், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள்.

கத்தி டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் கீறாதீங்க. நான் தப்பாப் பாத்துட்டேன். அது ட்யூமர்."

அவர் குழாயை மூடினார். திரைக்கு முன்னால் வந்து குனிந்து பார்த்தார். "தினமும் ஊசின்னு எழுதியிருந்ததைப் பாத்தப்பவே நெனச்சேன், நம்ம கடையில மாத்திரை தீந்துபோச்சோன்னு," என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டார். "யாரு வீட்டு நாய் இது?"

"என் வீட்டு நாய்," என்றாள் அவள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வெளிய போய் உக்காருங்க. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு நான் வந்து சொல்றேன்."

மேனேஜருக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். அத்தனை வருஷ வேலையில் முதல் தடவையாகப் படம் டாக்டர் கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள். நாயின் கழுத்துப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கீறத்தானே போறாங்க? அதுக்கு எதுக்கு சி.டி.?"

சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்காமல், கெயின் குமிழ்வரைக்கும் சொன்னாள். மகள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"அப்ப இத்தனை நாளும் வீணா?"

"ஆமா."

"உனக்கா தெரியல? ஊர்ல இருக்கற நாயெல்லாம் நீ பாத்துச் சொன்னா சரியா இருக்கும்னு அப்பாகூடச் சொல்லுவாரு. உனக்கா தெரியல?"

"சீழா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். சீழா இருந்தா நீ தினமும் வருவே."

மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்தான் முதலில் தெரிந்தது, கண்ணீர் பிறகுதான் வந்தது. "வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா நீ? மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவை?"

"வரமாட்டேன்னு சொல்லிட்டீன்னா?"

"சொல்லியிருப்பேன்தான். அதுக்காகக் கேக்காமலே இருந்துடுவியா?" புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. அங்கயும் ஸ்கேன் இருக்கு. இவனைத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறி நான் எதுக்கு இங்க வந்தேன்னு நெனச்சே?"

இருவரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சுவரில் பூனைக்குத் தடுப்பூசி போடச் சொல்லும் ஒரு போஸ்டரைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு பேரும் அதை அவ்வளவு அக்கறையாகப் படித்தார்கள்.

கத்தி டாக்டர் வெளியே வந்தார். இவளைப் பார்த்துப் பேசாமல், மகளைப் பார்த்தும் பேசாமல், வழக்கமாக வீட்டுக்காரர்களிடம் பேசுவதுபோல இருவருக்கும் பொதுவாகப் பேசினார்.

"கண்ணுக்குப் பின்னாடி கட்டி. பக்கத்து எலும்பைக் கொஞ்சம் அரிச்சிருக்கு. மூளைப் பக்கம் போகல, நெஞ்சுலயும் இல்ல. ஊசியால துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். கண்ணை எடுத்துட்டு, அப்புறம் கதிர் வைக்கணும். அதுக்கு வெளியூர்தான் போகணும். ரெண்டும் ஒரே எடத்துல நடந்தா நல்லது. பொழைச்சுக்குவான். எவ்வளவு நாள்னு கேக்காதீங்க, ஆனா ஓடியாடிட்டு இருப்பான்."

"இந்த நாலு நாள் தள்ளிப்போனதால..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"அதனால பெருசா எதுவும் கெட்டுப்போகல. இன்னிக்கு நான் கத்தி வெச்சிருந்தாத்தான் கெட்டிருக்கும்."

சாயங்காலம் அப்பாவின் கார் வந்தது. அவர் இறங்கவில்லை. கண்ணாடி வழியாக இவளைப் பார்த்துத் தலையை அசைத்தார், இவளும் அசைத்தாள். மயக்கம் தெளியாத மேனேஜரைப் பின் சீட்டில் படுக்க வைத்து, அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டு மகள் உட்கார்ந்தாள். துணிமணி எடுத்துக்கொண்டு இன்று இரவே அத்தை ஊருக்குக் கிளம்புகிறார்களாம். ஸ்கேன் படங்கள் எல்லாம் போட்ட உறையை இவள் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"எல்லாம் முடிஞ்சதும் என்கிட்ட வந்து இரு. நீயும் அவனும். வேற வீடு பாத்துக்கறேன்."

மூன்று வருஷமாக விழுங்கிய வார்த்தை.

மகள் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இல்ல. வரமாட்டேன்," என்றாள்.

எதைக் கேட்கக் கூடாது என்று அவ்வளவு காலம் ஓடி ஒளிந்தாளோ அதைக் கேட்டாகிவிட்டது. வலித்தது, நன்றாகவே வலித்தது. முன்பென்றால், சரி, உடம்பைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பாள். அப்பா சாவியைத் திருகினார், என்ஜின் உறுமியது. அவள் ஜன்னலை விடவில்லை. இத்தனை நாளும் மகள் வர வேண்டும், மகள் வர வேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, நமக்கும் இரண்டு கால் இருக்கிறதே என்று தோன்றவில்லையே என்று நினைத்தாள்.

"அப்ப நான் அங்க வரட்டுமா?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை வீட்டுக்கா? உன்னைப் பாத்தாலே அவங்க சாமியாடுவாங்க."

"ஆடட்டும். நான் வாசல்லயே நின்னு இவனைப் பாத்துட்டுப் போறேன். உன்னையும்."

கார் மெல்ல நகர்ந்தது. அவளும் கூடவே நாலு எட்டு நடந்தாள். மகள் முன்பக்கம் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஜன்னலில் இருந்த அம்மாவின் கையை மெதுவாக எடுத்து விட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அத்தை வீட்டுல இருக்கமாட்டாங்க," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.